டாலர் 36 ரூபாய்க்கு இறங்கும் என்று எழுதிக் கொடுத்தவன்

2008 ஜனவரியில் நான் எழுதிய 11 பக்க ரிப்போர்ட் ஒன்று இன்னும் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. காட்பாடியில் கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, அட்டையில் என் பெயரையும் போட்டுக்கொண்டு, பொங்கல் லீவு முடிந்த மறுநாள் முதலாளி மேசையில் கொண்டு போய் வைத்தேன். உள்ளே இருந்த விஷயம் ஒரே வரிதான். இந்த வருஷக் கடைசிக்குள் டாலர் 36 ரூபாய்க்கு இறங்கிவிடும். அன்றைக்கு டாலர் 39 ரூபாய் சொச்சம். டிசம்பரில் அது 50-ஐத் தாண்டிவிட்டு வந்தது. இந்த 36-க்கும் 50-க்கும் நடுவில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு 27 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் போயிற்று. எனக்கு நாலு மாதம் பாதிச் சம்பளம், ஒரு வருஷம் சரியான தூக்கம் இல்லை. பொருளாதாரம் படித்துவிட்டு ஏதாவது எக்ஸ்போர்ட் கம்பெனியில் இதே மாதிரி வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

கம்பெனி ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு ஊரில். ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல் தோல் பாகம், தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற இடம், 320 பேர் வேலை. வேலூரில் எம்.ஏ. எகனாமிக்ஸ் முடித்துவிட்டு 2005-இல் சேர்ந்தேன். விசிட்டிங் கார்டில் எகனாமிக் அனலிஸ்ட் என்று இருக்கும். நிஜத்தில் ட்யூட்டி டிராபேக் கிளெய்ம் (ஏற்றுமதிச் சரக்குக்குக் கட்டின வரியைத் திரும்பக் கேட்பது) போடுவது, பேங்க் ஸ்டேட்மென்ட் டிக் அடிப்பது, மாதம் ஒருமுறை முதலாளிக்கு நாட்டு நிலவரம் எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான். கட்டிங் செக்ஷனில் இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எனக்கு 'டாலர் சார்' என்று பேர். ஆரம்பத்தில் அது பெருமையாகத்தான் இருந்தது.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கு 2007 தெரிய வேண்டும். அந்த வருஷத் தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய். வெளிநாட்டுப் பணம் ஷேர் மார்க்கெட்டுக்குள் கொட்டோகொட்டென்று கொட்டியது. ரிசர்வ் வங்கி டாலரை வாங்கி வாங்கிப் பார்த்தும் விலை நிற்கவில்லை, நவம்பரில் 39 சொச்சத்துக்கு வந்துவிட்டது. 44-ஐ வைத்துக் கணக்குப் போட்டு எடுத்த ஆர்டருக்குப் பணம் வரும்போது 40 என்றால், ஒரு லட்சம் டாலருக்கு 4 லட்சம் அடி. எங்கள் தொழிலில் நூற்றுக்கு ஐந்தோ ஆறோ நின்றாலே நல்ல வருஷம் என்போம், அதில் ஒன்பது போய்விட்டது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, எங்கே போனாலும் அதே புலம்பல்தான். அந்த நேரத்தில் கைக்கு வந்த பேங்க் ரிப்போர்ட்களில் எல்லாம் டாலர் இன்னும் இறங்கும் என்றுதான் இருந்தது. ஆறு ரிப்போர்ட் படித்தேன், ஆறும் ஒரே பக்கம் கை காட்டியது, சரி, உறுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு பேரும் ஒரே பானையில் இருந்து மொண்டிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை. அவர்களில் மூன்று பேர் ஃபார்வர்டு, அதாவது டாலர் விலையை முன்கூட்டியே கட்டிப்போடும் ஒப்பந்தம், விற்கிறவர்கள் என்பதுகூடத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் ஒரு கணிப்பு கையில் வந்தால், நான் இதை நம்பினால் அனுப்பியவருக்கு என்ன விற்பனையாகும் என்று முதலில் பார்த்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஆகஸ்டில் டை கட்டிய ஒருத்தர் சென்னையில் இருந்து வந்து, 'ஜீரோ காஸ்ட்' என்று, முன்பணம் கட்டாமலே வருங்கால நாணய விலை மேல் போடுகிற ஒரு ஆப்ஷன் திட்டத்தை விளக்கினார். ஸ்விஸ் ஃப்ராங்க், யென் எல்லாம் அதில் வரும். எங்கள் கம்பெனி வாழ்நாளில் ஒரு ஃப்ராங்க்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'போர்டில் வைக்கிறோம்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். புரியாததால் தப்பித்தோம், அவ்வளவுதான், அதில் என் புத்திசாலித்தனம் ஒன்றும் கிடையாது. அந்த மாதிரி ஒப்பந்தம் போட்ட ஏற்றுமதியாளர்கள் பலர் 2008 மார்ச்சில் ஃப்ராங்க்கும் யென்னும் எகிறியபோது கோடிக்கணக்கில் மாட்டினார்கள். சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள். இது சூதாட்ட ஒப்பந்தம், செல்லாது என்று வாதாடிய ஒரு சர்க்கரை ஆலை வழக்கில், அப்படிச் சொல்ல முடியாது என்று 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் எடுபடாது, அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் போட வைத்தது சாதாரண ஃபார்வர்டு. ஒரு டாலருக்கு இன்ன விலை என்று இன்றைக்கே பேங்கோடு பேசி முடித்துக்கொண்டு, இன்ன மாதம் டாலர் வந்ததும் அந்த விலைக்குக் கொடுத்துவிடுவது. கெட்ட சரக்கு இல்லை. நான்தான் அதைத் தப்பாகப் போட்டேன். பிப்ரவரி தொடங்கி 12 மாதத்துக்கு, மாதம் ஒன்றரை லட்சம் டாலர், சராசரி விலை 39.80. மாதம் 2 லட்சம் டாலருக்குச் சரக்கு போகிறது, அதில் முக்கால் பங்கைத்தானே கட்டுகிறோம், நிதானமாகத்தான் இருக்கிறோம் என்று ரிப்போர்ட்டின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு கழித்தல் கணக்கை விட்டுவிட்டேன். நாங்கள் வெளிநாட்டில் இருந்து ஃபினிஷ்டு லெதரும் கெமிக்கலும் மாதம் 60 ஆயிரம் டாலருக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். 2 லட்சத்தில் 60 ஆயிரம் போனால் 1 லட்சத்து 40 ஆயிரம். உண்மையில் கைக்கு நிற்கிற டாலரே அவ்வளவுதான், நான் கட்டியதோ ஒன்றரை லட்சம். முதல் நாளே இருப்பதைவிட அதிகமாக விற்றுவிட்டேன். டாலர் ஏறியபோது இது எப்படிக் கடித்தது என்றால், வருகிற டாலரை 39.80-க்குப் பேங்கில் கொடுத்துவிட்டு, அதே வாரம் கெமிக்கலுக்குக் கட்ட 49-க்கு டாலர் வாங்கினோம். ஒரே கவுண்டர், ஒரே ஆபீசர். எங்கள் அக்கவுண்டன்ட் பெரியவர் இரண்டு சலானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வரவையும் போக்கையும் கழித்து நிற்கிற டாலருக்குத்தான் ஃபார்வர்டு, அதிலும் ஆர்டர் கையில் உறுதியாக இருக்கிற அளவுக்குத்தான். போன வருஷம் இவ்வளவு போயிற்று, இந்த வருஷமும் போகும் என்று நம்பிக் கட்டினால் நான் பட்டதைத்தான் படுவீர்கள்.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் டாலர் 40-ஐச் சுற்றியே இருந்தது. மே மாதம் கச்சா எண்ணெய் விலை ஏற ஏற, வெளிநாட்டுக்காரர்கள் ஷேரை விற்க விற்க, டாலர் 42-ஐத் தாண்டியது. அக்கவுண்டன்ட் பெரியவர்தான் கேட்டார், 'தம்பி, அக்டோபருக்கு மேல ட்யூ வர்றதுல பாதிய இப்பவே கேன்சல் பண்ணிடலாமா, நஷ்டம் கம்மியா போவும்ல?' அவர் சொன்னது 3 லட்சம் டாலர். அன்றைக்குக் கேன்சல் செய்திருந்தால் டாலருக்கு 2.70 வித்தியாசம், மொத்தம் 8 லட்சத்து 10 ஆயிரம் கட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். 'இது தற்காலிகம்தான் சார், ஜூலையில் திரும்பும்' என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று கேட்டால், என் ரிப்போர்ட்டை வைத்துத்தான். அவர் எஸ்.எஸ்.எல்.சி., நான் எம்.ஏ. அந்த மண்டைக்கனத்தின் விலை கிட்டத்தட்ட 19 லட்சத்து 50 ஆயிரம். இதை எழுதும்போதுகூட வயிற்றைப் பிசைகிறது. இப்போது எந்த ஒப்பந்தம் போட்டாலும் அதே நாளில், அதே காகிதத்தில், எந்த விலை வந்தால் வெளியே வந்துவிடுவோம் என்பதையும் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். நஷ்டம் வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் மூளை நமக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் வந்தது, அது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. ஆம்பூர் பக்கத்து ஊர்களில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் அப்பர் தைத்துக் கொடுப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு அக்கா வாரம் இரண்டு முறை ஷேர் ஆட்டோவில் மூட்டை கட்டி எடுத்துப் போய்ப் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். எங்களுக்கு மட்டும் இல்லை, இன்னும் மூன்று கம்பெனிக்கும் அவர்தான். ஆகஸ்ட் முதல் வாரம் பில் வாங்க வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்று, 'இன்னா டாலர் சார், மே மாசம்லாம் வாரத்துக்கு ஆயிரம் ஜோடி குட்த்தாங்க, இப்போ நாலு கம்பெனியும் சேந்து அறநூறு தாண்ட மாட்டேங்குது, ஊர்ல எதாச்சும் பிரச்னையா?' என்றார். ஊரில் ஒன்றும் இல்லை, சீசன் அப்படி என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது விலைவாசிப் புள்ளிவிவரம். மொத்த விலைப் பணவீக்கம் 13 சதவீதத்தை நெருங்கியிருந்தது, ரிசர்வ் வங்கி ஜூலைக் கடைசியில்தான் பேங்குகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டியை 9 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தது. எல்லாப் பேச்சும் பணவீக்கத்தைப் பற்றித்தான். ஐரோப்பாவில் கடைக்காரன் ஷூ வாங்குவதைக் குறைத்துவிட்டான் என்பது, லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி கவிழ ஆறு வாரத்துக்கு முன்னாலேயே என் எதிரில் வந்து நின்றது, நான் அதற்கு டீ சொல்லி அனுப்பிவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15 லேமன். அன்று டிவியில் பார்த்தபோது அமெரிக்காக்காரன் சமாசாரம் என்றுதான் இருந்தது. நம் பேங்குகள் அமெரிக்க வீட்டுக் கடனை வைத்துப் போட்ட கடன் பத்திரங்களை அதிகம் வாங்கவில்லை, நமக்குப் பாதிப்பு குறைவு என்று பெரிய பெரிய ஆட்கள் சொன்னார்கள், நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பேங்கைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் நெருக்கடி எங்களுக்கு வந்த வழியே வேறு. எங்கள் சரக்கை வாங்குகிற பையருக்கு அவன் ஊர் பேங்க் கடன் கொடுப்பதை நிறுத்தியது, அவன் எங்களுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தினான். அக்டோபர் முதல் வாரம் ஒரே நாளில் மூன்று மெயில். ஒன்று 'ஷிப்மென்ட்டை நிறுத்தி வை'. இன்னொன்று '15 சதவீதம் குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன்'. மூன்றாவது, 90 நாளில் தர வேண்டிய பணத்தை 150 நாளில் தருகிறேன் என்று. இங்கே பேங்குகள் ஒன்றுக்கொன்று ஒரு நாளுக்குக் கொடுக்கும் கடன் வட்டி 20 சதவீதம் வரை போனது அந்த மாதம்தான். பெரிய கம்பெனிகள் வெளிநாட்டில் வாங்கின கடன் அங்கே புதுப்பிக்கப்படாமல், இங்கே வந்து ரூபாய்க்கு அலைந்ததும், மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்டதும் சேர்ந்து வந்த வறட்சி அது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, எங்கள் கெமிக்கல் டீலர் 60 நாள் கடனை நிறுத்திவிட்டு ரொக்கம் கொண்டு வாருங்கள் என்று சொன்னதுதான்.

அக்டோபரில் இருந்து ஜனவரி வரை நாலு மாதத்துக்கு நாங்கள் பேங்குக்குக் கொடுக்க வேண்டியது 6 லட்சம் டாலர். வந்தது 3 லட்சம். வராத டாலரை எங்கே இருந்து கொடுப்பது? பழைய விலையிலேயே இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம், அப்படிச் செய்ய விதி கிடையாது. ஒப்பந்தத்தை ரத்து செய்து, அன்றைய விலைக்கும் நம் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், வேண்டுமானால் புது விலையில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். சராசரியாக டாலர் 49 என்று வைத்தால் வித்தியாசம் 9.20. மூன்று லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், நான் முதலில் சொன்ன 27 லட்சத்து 60 ஆயிரம் வரும். 320 பேருக்கு ஏறக்குறைய இரண்டரை மாதச் சம்பளம்.

முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். கடைசி டெபிட் அட்வைஸ், அதாவது கணக்கில் பணம் எடுத்துக்கொண்டோம் என்கிற பேங்க் காகிதம், வந்த அன்று மத்தியானத் தொழுகை முடிந்து வந்து என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். என் ரிப்போர்ட்டை டிராயரில் இருந்து எடுத்து மேசை மேல் வைத்து, 'தம்பி, நீ சொன்னது தப்பாப் போனா என்ன ஆகும்னு இதுல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கே, காட்டு' என்றார். புரட்டினேன். கிராஃப் 14 இருந்தது, அமெரிக்க வட்டி விகிதம் இருந்தது, சீன நாணயம் பற்றிக்கூட ஒரு பத்தி இருந்தது. அவர் கேட்டது இல்லை. 'சரி, போ' என்றார். மறுநாளில் இருந்து ரூபாய் டாலர் விவகாரம் எதுவும் என் மேசைக்கு வரவில்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. தையல் செக்ஷனில் 40 பேரைப் போகச் சொன்னார்கள், அவர்களை எல்லாம் நான் கேட்டில் தினம் பார்த்தவன். ஒரு பெண் போகும்போது சிரித்துக்கொண்டே, 'வரேன் டாலர் சார்' என்றார். குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது, ஆனால் எனக்கு அதற்கப்புறம் அந்தப் பேர் பிடிக்காமல் போயிற்று. வீட்டில் பாதிச் சம்பளத்துக்கு 'கம்பெனியில் எல்லாருக்கும் அப்படித்தான்' என்று காரணம் சொன்னேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டை அகழிப் பக்கம் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுச் சத்துவாச்சாரிக்கு நடந்தே போன நாட்கள் உண்டு. இதே மாதிரி மாட்டினவர்கள் ராணிப்பேட்டை சிப்காட்டிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கே பேசியிருந்தால் குறைந்தது அடுத்து நான் சொல்லப்போகிற நஷ்டமாவது தப்பியிருக்கும்.

நெருக்கடிக்குப் பிறகு அரசும் ரிசர்வ் வங்கியும் அறிவித்தது ஏராளம், அதில் நம் கைக்கு எது எப்போது வரும் என்று பார்க்கத் தெரியாமல் போனதுதான் என் இரண்டாவது தப்பு. ரெப்போ 9 சதவீதத்தில் இருந்து 2009 ஏப்ரலுக்குள் 4.75 ஆயிற்று. பேங்குகள் கட்டாயமாக ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்கம், அதான் சி.ஆர்.ஆர்., 9-இல் இருந்து 5. ஹாஜியார் பேப்பரைப் படித்துவிட்டு, 'அவங்க நாலே கால் கொறச்சிருக்காங்க, நமக்கு ஏன் ஒன்றரைதான் கொறஞ்சிருக்கு?' என்று கேட்டனுப்பினார். நியாயமான கேள்வி. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி பேங்குக்குக் கொடுக்கிற குறுகிய காலக் கடனின் வட்டி. பேங்க் எங்களுக்குக் கொடுக்கிற பணமோ பெரும்பாலும் டெபாசிட் பணம், 2008-இல் 10 சதவீதத்துக்கு மேல் சொல்லி வாங்கிய டெபாசிட் முதிரும்வரை அவர்களுக்கு அந்தச் செலவு நிற்கும். அதோடு பயம். 2009 நடுவில் பேங்குகள் தினமும் ஒரு லட்சம் கோடிக்கு மேல் ரிசர்வ் வங்கியிலேயே 3.25 வட்டிக்குத் திருப்பிப் போட்டு வைத்திருந்தன, எங்களை நம்பிக் கொடுப்பதைவிட அது நிம்மதி. அப்போது கடன் வட்டி பி.பி.எல்.ஆர். என்று பேங்க் தானே வைக்கிற விகிதத்தோடு கட்டியிருந்தது. 2010 ஜூலையில் அது அடிப்படை விகிதம் ஆயிற்று, 2016-இல் பேங்க் பணம் திரட்டுகிற செலவை வைத்துப் போடுகிற எம்.சி.எல்.ஆர்., 2019 அக்டோபரில் இருந்து சிறு தொழிலுக்கான புதுக் கடன்கள் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு கட்டப்பட வேண்டும் என்று வந்தது. உங்கள் கம்பெனிக் கடன் இதில் எதோடு கட்டியிருக்கிறது, மாதா மாதம் மாறுமா, மூன்று மாதமா, வருஷமா என்று சாங்க்ஷன் லெட்டரில் இருக்கும். அதைப் பார்க்காமல் ரெப்போ குறைந்த அன்று முதலாளிக்கு நல்ல செய்தி சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.

நஷ்டம் என்று சொன்னேனே, அது சின்னத் தொகைதான், 20 ஆயிரம். ஆனால் முழுக்க முழுக்க சோம்பேறித்தனத்தில் போனது. சரக்கு தயாரிக்கப் பேங்கில் வாங்குகிற பேக்கிங் கிரெடிட்டை அப்போது 180 நாளில் அடைக்க வேண்டியிருந்தது, தாண்டினால் சலுகை வட்டி போய்விடும். ஷிப்மென்ட் நின்றுவிட்டதால் எங்களுடைய 30 லட்சம் நாள் தாண்டிவிட்டது, 4 சதவீதம் கூடுதலாக ஓட ஆரம்பித்தது. 2008 நவம்பர் நடுவிலேயே ரிசர்வ் வங்கி அந்த 180 நாளை 270 நாளாக நீட்டிச் சுற்றறிக்கை விட்டிருந்தது. பேப்பரில் ரெப்போ, சி.ஆர்.ஆர். எல்லாம் தலைப்புச் செய்தி, இது உள்ளே எங்கேயோ இரண்டு வரி. கிளையில் யாரும் தானாக வந்து சொல்லவில்லை, கேட்டபோதுகூட எங்களுக்கு ஆர்டர் வரவில்லை என்றார்கள். ஜனவரியில் நான் சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, அந்த வரியை மஞ்சளில் அடித்து, கம்பெனி லெட்டர்ஹெட்டில் விண்ணப்பம் எழுதி, சீல் போட்டு வாங்கிவந்த பிறகுதான் அசைந்தது. டிசம்பர் 7-ஆம் தேதி மத்திய அரசு அறிவித்த தொகுப்பில் தோல், ஜவுளி மாதிரி ஆட்கள் அதிகம் வேலை செய்கிற தொழில்களுக்கு ஏற்றுமதிக் கடனில் 2 சதவீத வட்டி மானியம் வந்தது, ஆனால் வட்டி 7 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை. முதலில் 2009 மார்ச் வரைக்கும்தான், அப்புறம் நீட்டித்தார்கள். அதையும் இதே மாதிரி எழுதிக் கேட்டு வாங்கினோம். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். கிளையில் இருக்கிறவர்களும் பாவம், தினம் ஒரு சுற்றறிக்கை வந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

பணம் தராமல் இழுத்த அந்த மூன்றாவது பையர் பிப்ரவரியில் கடையை மூடிவிட்டான். ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு கட்டுகிற அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் பாலிசி இருந்ததால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது, ஆனால் தவணை தாண்டிய பில்களை மாதா மாதம் அவர்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், நாங்கள் ஒரு மாதம் விட்டிருந்தோம், அதை விளக்கவே எட்டு மாதம் ஆயிற்று. பிரீமியம் கட்டினால் மட்டும் போதாது.

அப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து ரூபாய் டாலர் வேலை திரும்ப என்னிடம் வந்தது. அதற்குள் நான் எழுதுகிற முறை மாறிவிட்டது. இப்போது ஒரே பக்கம். மூன்று கட்டம் போடுவேன், டாலர் இன்றைய விலையிலேயே நின்றால், 10 சதவீதம் ஏறினால், 10 சதவீதம் இறங்கினால் என்று. ஒவ்வொன்றின் கீழேயும் சம்பளம் போட முடியுமா, பேங்க் வட்டி கட்ட முடியுமா, எந்த மாதம் கை கடிக்கும் என்று ரூபாயில் எழுதுவேன். எது நடக்கும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும், அதைப் பென்சிலில் ஓரத்தில் எழுதுவதோடு சரி. ஃபார்வர்டை ஒரே நாளில் போடுவதில்லை, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக, உறுதியான ஆர்டரில் பாதிக்கு. இதில் பெரிய லாபம் எதுவும் வராது. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, பணம் அச்சிட்டுக் கடன் பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று வாய் திறந்ததும் 55 ரூபாய்ப் பக்கம் இருந்த டாலர் ஆகஸ்டில் 68-ஐத் தாண்டியது. பாதி கட்டியிருந்தோம், பாதி திறந்திருந்தது. பக்கத்துக் கம்பெனியில் எதையும் கட்டாமல் இருந்தவர் கார் வாங்கினார். ஹாஜியாரின் மகன், அப்போது அவர்தான் பொறுப்பு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் 2008 கோப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தேன், அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

வட்டி விஷயத்திலும் அப்படித்தான். 2009-இல் 4.75 என்று பார்த்துவிட்டுப் பலர் புது மெஷின், புது ஷெட் என்று கடனில் இறங்கினார்கள். அவசரத்துக்குக் குறைத்த வட்டி அவசரம் தீர்ந்ததும் ஏறும் என்பதை மட்டும் அந்த மூன்று கட்டத்தில் ஒன்றாகப் போட்டேன். எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. 2010 மார்ச்சில் இருந்து 2011 அக்டோபருக்குள் 13 முறை ஏற்றி 8.5-க்குக் கொண்டு போனார்கள். எங்கள் ஷெட் சின்னதாகத்தான் கட்டினோம், அதனால் தாங்கியது. 2020-இல் கொரோனா வந்து ரெப்போ 4-க்கு இறங்கியபோது அதே காகிதத்தைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை அரசு உத்தரவாதத்தில் 2020 பிப்ரவரி 29-இல் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும் திட்டம் வந்தது. அறிவிப்பு வந்த வாரமே விதிமுறையைப் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் அடித்து, லெட்டர்ஹெட்டில் எழுதி, ஊரடங்கு பாஸ் வாங்கிப் போய் நேரில் சீல் போட்டு வாங்கினேன். எங்கள் கிளையில் அந்தத் திட்டத்துக்கு முதல் விண்ணப்பம் அதுதான் என்றார்கள்.

ஷேர் ஆட்டோ அக்காவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது, மூட்டை தூக்குவதை மருமகளிடம் விட்டுவிட்டார். மாதம் பிறந்தால் முதல் வேலையாக அவருக்கு ஒரு போன் போட்டு, நாலு கம்பெனியும் சேர்த்து எத்தனை ஜோடி என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொள்கிறேன். 2009-இல் இருந்து விடாமல் எழுதுகிறேன், ஒரு 80 பக்க நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. போன வாரம் கேட்டபோது, 'இன்னா சார், உனுக்கு வேற வேலையே இல்லையா, எழுதிக்கோ, எண்ணூத்தி இருவது' என்றார். அதற்கு முந்தின மாதம் தொள்ளாயிரத்து சொச்சம். கட்டத்தில் மூன்றாவதை இந்த மாதம் கொஞ்சம் பெரிதாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.